தண்டும் இழையும்: தடிப்பு வேறுபாடு மிகுந்த அலங்கார செரிஃப் எழுத்துருவைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருபவர்களும், ஆரணிப் பட்டுக்கு அட்டைப்பெட்டி வடிவமைக்கச் சொல்பவர்களும், ஆம்பூர்க் காலணிக்கு வணிகப் பெயர் எழுதித் தரக் கேட்பவர்களும் ‘கொஞ்சம் ரிச்சாக இருக்க வேண்டும்’ என்று சொல்லும்போது, டிசைனரின் கை பெரும்பாலும் ஒரே வகை ஆங்கில எழுத்துருவை நோக்கியே போகிறது. நின்ற தண்டுகள் தடித்தும், குறுக்குக் கோடுகள் இழைபோல மெலிந்தும், முனைகளில் நேர்த்தியான சிறு கோடுகளோடும் அமைந்த அந்த எழுத்துருக்களுக்குப் போடோனி, டிடோ, பிளேஃபேர் டிஸ்ப்ளே, அப்ரில் ஃபேட்ஃபேஸ் எனப் பல பெயர்கள் உண்டு. அவற்றைத் தேர்ந்தெடுப்பவர் பார்ப்பது தடித்த தண்டை. அந்த வேலை நன்றாக வருமா, கெட்டுப்போகுமா என்பதை முடிவு செய்வது மெல்லிய இழைக்கோடு. ஆகவே இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் இழைக்கோட்டை அளப்பதையும் காப்பதையும் பற்றியதாகவே இருக்கும்.

எழுத்தின் இயல்பு

இவ்வகை எழுத்தின் வேர் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உள்ளது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஜான் பாஸ்கர்வில் 1750களில் தடிப்புக்கும் மெலிவுக்கும் இடையிலான வேறுபாட்டை அதிகரித்து எழுத்துகளை வார்த்தார். அந்த மெல்லிய கோடுகள் தாளில் துல்லியமாக விழ வேண்டும் என்பதற்காகவே தாளைச் சூடான தகடுகளுக்கிடையில் அழுத்தி வழவழப்பாக்கினார். அவர் தொடங்கியதை அந்த நூற்றாண்டின் இறுதியில் பாரிசில் ஃபிர்மேன் டிடோவும், இத்தாலியின் பார்மா நகரில் 1813இல் மறைந்த ஜாம்பத்திஸ்தா போடோனியும் அதன் எல்லைக்கே கொண்டுசென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் விளம்பரத்தாள்களுக்காகத் தண்டுகளை மேலும் பெருக்கவைத்து உருவாக்கப்பட்ட ‘ஃபேட் ஃபேஸ்’ வகையே இன்றைய அலங்கார எழுத்துருக்கள் பலவற்றின் நேரடி மூதாதை. தாளும் மையும் அச்சுப்பொறியும் இடம்கொடுத்த அளவுக்கே இழை மெலிந்தது என்பது இந்த வரலாற்றில் தெளிவாகத் தெரிகிறது.

அடையாளங்களைச் சொல்லிவிடலாம். ஆங்கில ஓ (O) எழுத்தின் தடிப்பு இருபக்கங்களிலும் நேர்செங்குத்தாக நிற்கும், சாய்ந்திருக்காது. செரிஃப் எனப்படும் முனைக்கோடு தண்டோடு வளைவின்றி நேராக, கத்தியால் வெட்டியதைப் போலச் சேரும். சின்ன ஏ (a), சின்ன ஆர் (r) போன்றவற்றின் நுனியில் உருண்டையான முடிச்சு இருக்கும். அலங்கார வகைகளில் இவற்றோடு நீண்ட வால்களும், இரண்டு எழுத்துகள் பின்னிக்கொள்ளும் கூட்டெழுத்துகளும் சேர்கின்றன.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று, ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக எழுத்து வெட்டப்பட்டது என்பதாகும். 8 புள்ளி (எழுத்தளவின் அலகான ‘பாயின்ட்’) எழுத்தின் இழைக்கோடு, 48 புள்ளி எழுத்தைச் சுருக்கினால் கிடைப்பதைவிடத் தடித்ததாக இருந்தது. கணினியில் ஒரே வரைவைத்தான் எல்லா அளவுகளுக்கும் சுருக்குகிறோம், விரிக்கிறோம்; சிறிய அளவில் இழை மறைந்துபோவதற்கு அடிப்படைக் காரணம் இதுவே. 1990களின் தொடக்கத்தில் ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்காக ஜோனதன் ஹோஃப்லர் வரைந்த டிடோ எழுத்துரு, ஏழு வெவ்வேறு அளவுகளுக்கான தனி வரைவுகளோடு வந்ததற்கும் இதுதான் காரணம். இலவசமாகக் கிடைக்கும் போடோனி மோடா எழுத்துருவிலும் 6 முதல் 96 புள்ளி வரை அளவுக்கேற்ப இழையின் தடிப்பை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. எழுத்துருவின் பெயரில் ‘டிஸ்ப்ளே’ என்று இருந்தால் அது தலைப்புக்கானது. அதைக்கொண்டு முகவரி அடிக்கக் கூடாது.

முதல் படி: எங்கெல்லாம் வரப்போகிறது என்று எழுதிக்கொள்வது

ஒரு கடைப் பெயர் விசிட்டிங் கார்டில், பில் புத்தகத்தில், துணிப்பையில், பெயர்ப்பலகையில், வாட்ஸ்அப் படத்தில் வரும். இவற்றுள் மிகச் சிறியது எது, மிகத் தொலைவிலிருந்து படிக்கப்படுவது எது, மிகச் சொரசொரப்பான பரப்பில் அச்சாவது எது என்ற மூன்றையும் முதலிலேயே வாடிக்கையாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எழுத்துரு இந்த மூன்று இடங்களிலும் தாக்குப்பிடிக்க வேண்டும், அல்லது அந்த இடங்களில் வேறு எழுத்துருவுக்கு மாறிக்கொள்ள இசைவு பெற்றிருக்க வேண்டும்.

இரண்டாம் படி: இழையை அளப்பது

இதற்குக் கண்ணை நம்ப வேண்டாம். கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வரைகலை மென்பொருளில் அந்த எழுத்துருவில் பெரிய எச் (H) எழுத்து ஒன்றை 1000 புள்ளி அளவில் தட்டி, அதை வளைகோடாக (கர்வ்ஸ் அல்லது அவுட்லைன்) மாற்றி, நடுவில் உள்ள குறுக்குக் கோட்டின் தடிப்பைப் புள்ளிக் கணக்கில் அளக்க வேண்டும். கிடைக்கும் எண்ணை 10ஆல் வகுத்தால் இழைக்கோட்டின் விழுக்காடு கிடைத்துவிடும். 20 புள்ளி வந்தால் அது 2 விழுக்காடு. அந்த எழுத்துரு எந்த அளவில் வந்தாலும் இழையின் தடிப்பு அந்த அளவில் 2 விழுக்காடாகவே இருக்கும்.

இந்த ஒற்றை எண் கையில் இருந்தால் மற்றவை எளிய பெருக்கல்தான். ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ 0.35 மி.மீ. எனவே 2 விழுக்காடு இழையுள்ள எழுத்துரு 10 புள்ளியில் 0.2 புள்ளி, அதாவது 0.07 மி.மீ. தடிப்புள்ள கோட்டைத் தரும். 24 புள்ளியில் அது 0.17 மி.மீ. ஆகும். 72 புள்ளியில் அரை மில்லிமீட்டரைத் தொடும்.

இந்தத் தடிப்பை அச்சு முறையின் தாங்குதிறனோடு ஒப்பிட வேண்டும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் ஒரே மையில் ஆஃப்செட் அடிக்கும்போது 0.25 புள்ளிக்குக் குறைந்த கோட்டை நான் ஏற்பதில்லை. அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வரும்போது சுற்றியுள்ள மை இழைக்குள் பரவி அதை விழுங்கும் என்பதால் குறைந்தது 0.5 புள்ளி வேண்டும். மையை வலைத்துணியின் வழியே அழுத்தி அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங்கிலும் தங்க ஃபாயில் அழுத்துவதிலும் 0.75 முதல் 1 புள்ளி வரை வைத்துக்கொள்வது நல்லது. இவை வேலைக்கான பாதுகாப்பு எல்லைகள். உங்கள் பிரஸ்காரர் தமது இயந்திரத்தைப் பற்றிச் சொல்லும் எண் இதனினும் கூடுதலாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கைப் பற்றி இந்த ஊருக்கே உரிய ஒரு குறிப்பும் சொல்ல வேண்டும். வேலூரின் சித்திரை, வைகாசி வெயிலில் வலைத்துணியின் கண்களிலேயே மை காயத் தொடங்கிவிடும். அப்போது முதலில் அடைபடுவது மெல்லிய கோடுகள்தாம். முதல் ஐம்பது பத்திரிகைகளில் முழுமையாக இருந்த எழுத்து, போகப் போக இடையிடையே அறுபட்டு வருவதற்கு இது முக்கியமான காரணம். கல்யாண வேலைகள் குவிவதும் அந்தக் கோடையில்தான் என்பதால், அந்த மாதங்களில் இழையை இன்னும் சற்றுத் தடிப்பாக வைத்துத் திட்டமிடுவதே அறிவுடைமை.

மூன்றாம் படி: தமிழோடு இணைப்பது

இதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. நம் ஊரில் ஆங்கிலம் மட்டும் தனியாக வரும் பத்திரிகையோ பலகையோ அரிது. ஆகவே ரோமன் (ஆங்கில) எழுத்தின் அருகில் நிற்கப்போகும் தமிழைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை.

ரோமன் எழுத்தில் எந்தக் கோடு தடிக்க வேண்டும், எது மெலிய வேண்டும் என்பது எழுதுகோலின் வழியாகப் பல நூற்றாண்டுகளாக வந்த மரபு. தமிழ் எழுத்தோ ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது. எழுத்தாணியின் கீற்றுக்குத் தடிப்பு வேறுபாடு கிடையாது. அச்சு வந்த பிறகே தமிழில் தடிப்பும் மெலிவும் நிலைபெற்றன. ஆதலால் போடோனியின் முறையை அப்படியே தமிழ்மேல் ஏற்றி, நின்ற கோடுகளைத் தடிக்கவைத்துக் கிடைக்கோடுகளை இழையாக்கினால் எழுத்தின் அடையாளமே குலைகிறது. ட என்ற எழுத்துக்கு ஒரு தண்டும் ஓர் அடிக்கோடும்தான் உடல்; அடிக்கோடு இழையாகிவிட்டால் மிஞ்சுவது ஒரு கம்பம். ப என்பது இரண்டு கம்பங்களாகிவிடும்.

இதைவிடப் பெரிய இடர், பொருளை மாற்றும் சிறு கோடுகளில் இருக்கிறது. ர எழுத்தையும் துணைக்காலையும் வேறுபடுத்துவது கீழே சாய்ந்திறங்கும் சிறிய வால் ஒன்றே; அந்த வால் இழையாகி மறைந்தால் ‘வரவேற்பு’ என்பது ‘வாவேற்பு’ ஆகிவிடும். எ என்பதை ஏ ஆக்குவதும் கீழே உள்ள ஒரு சிறு கோடுதான். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒரு சுழியால் வேறுபடுகின்றன. மணமகன், மணமகள் என்ற இரு சொற்களும் கடைசி எழுத்தில் மட்டுமே மாறுகின்றன. அந்த எழுத்தின் உள்வளைவுகள் மைபரந்து அடைபட்டால் பத்திரிகையைக் கையில் வாங்குபவர் ஒரு கணம் நின்று படிக்க வேண்டியிருக்கும். ரோமன் எழுத்தில் இழை அறுந்தால் அழகு குறையும், தமிழில் இழை அறுந்தால் சொல் மாறும். ஆகையால் தமிழுக்கு இழையின் தடிப்பு எல்லை எப்போதும் கூடுதலாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சோதிப்பதற்கு நம் ஊர்ப் பெயர்களே போதும். ‘வேலூர்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லிலேயே இரட்டைக்கொம்பு, நெடில் லூவின் வளைவு, ரகரத்தின் வால், புள்ளி ஆகிய நான்கும் வந்துவிடுகின்றன. ‘ஆரணி’யில் ஆவின் கீழ்ச்சுழியும் ரகரமும் ணகரத்தின் உள்வளைவுகளும், ‘குடியாத்தம்’ என்பதில் குவின் வளைவும் டியின் கொக்கியும், ‘பேர்ணாம்பட்டு’ என்பதில் பகரமும் டகரமும் அடுத்தடுத்தும் வருகின்றன. இந்தப் பெயர்களை நீங்கள் அச்சிடப்போகும் மிகச் சிறிய அளவில் அடித்துப் பார்த்து, ஒவ்வொன்றும் தயக்கமின்றிப் படிக்கப்படுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எந்தத் தமிழ் எழுத்துரு பொருந்தும் என்ற கேள்விக்கு எனக்கு இரண்டு விடைகள் உண்டு. மிதமான தடிப்பு வேறுபாட்டைத் தமிழின் இயல்பு கெடாமல் காட்டும் நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ் ஆகியவற்றில் ஒன்றைப் போடோனி வகையின் அருகில் வைக்கலாம். இரண்டும் ஒரே குடும்பம் என்ற உணர்வு வரும். அல்லது வேறுபாட்டை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு, பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான் (Catamaran) போன்ற, கோடுகள் ஏறத்தாழச் சீராக உள்ள எழுத்துருவை எடுக்கலாம். அதில் மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது தடிப்புகள் இருப்பதால், ரோமன் எழுத்தின் தண்டுக்கும் இழைக்கும் நடுவிலான ஒரு தடிப்பைத் தேர்ந்து இரண்டு மொழிகளின் கருமையையும் சமப்படுத்த முடிகிறது. ரோமன் செரிஃபின் முனைக்கோடுகளைத் தமிழ் எழுத்தின் நுனிகளில் ஒட்டவைத்த போலி அலங்கார எழுத்துருக்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவை இரண்டு மரபுகளுக்கும் நியாயம் செய்வதில்லை.

அளவுகளை எண்ணால் சமப்படுத்தக் கூடாது. இரண்டுக்கும் 14 புள்ளி என்று கொடுத்தால் இரண்டும் ஒரே அளவாகத் தெரிவதில்லை. ரோமன் சிற்றெழுத்தின் உயரத்தோடு தமிழ்க் ககரத்தின் உடலை ஒப்பிட்டு, தமிழ் சற்று உயர்ந்து நிற்கும்படி கண்ணளவில் சரிசெய்ய வேண்டும். வரியிடைவெளி தமிழுக்கு எழுத்தளவைப்போல் 1.4 முதல் 1.5 மடங்கு தேவை. மேலே ஏறும் கொக்கிகளுக்கும் கீழே இறங்கும் உகர, ஊகார வளைவுகளுக்கும் இடம் வேண்டும்.

நான்காம் படி: இடைவெளியும் அலங்காரமும்

ரோமன் தலைப்பெழுத்துகளை (கேப்பிட்டல்) இவ்வகை எழுத்துருவில் வரிசையாக வைக்கும்போது எழுத்துகளுக்கிடையே சற்று இடம் விட்டால் தண்டுகளின் தாளம் தெளிவாகும். தமிழில் அப்படிச் செய்யக் கூடாது. இடைவெளியைக் கூட்டினால் கொம்பு ஒருபுறமும் மெய்யெழுத்து மறுபுறமும் காலொன்று தனியாகவும் சிதறி, ஓர் எழுத்து மூன்று துண்டுகளாகத் தோன்றும்.

நீண்ட வாலுள்ள அலங்கார வடிவங்களை ஒரு தொடருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் பெயரின் முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ போதும். எண்களில் கூடுதல் கவனம் தேவை. 3, 5, 8 ஆகியவற்றின் இழைகள் மறைந்தால் ஒன்று மற்றொன்றாகத் தெரியும் என்பதால், முகூர்த்த நேரம், தேதி, தொலைபேசி எண் மூன்றையும் அலங்கார எழுத்துருவில் அமைக்காமல் அருகிலுள்ள தமிழ் எழுத்துருவின் எண்களிலேயே அமைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: தாள், மை, மஞ்சள்

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) ஆர்ட் கார்டு இழையை நன்றாகத் தாங்கும். கையால் செய்த தாளும் துணிபோன்ற மேற்பரப்புள்ள அட்டையும் தடித்த எழுத்துக்கு அழகு சேர்க்கும். ஆனால் இழையை மேடுபள்ளங்களில் அறுத்துவிடும். நான்கு வண்ணக் கலவையில் இழையை அச்சிட்டால், நிறத்துக்கொன்றாக உள்ள அச்சுப் பிளேட்டுகள் இம்மியளவு விலகினாலும் கோட்டின் ஓரத்தில் வேறு நிறம் எட்டிப்பார்க்கும். ஆகவே மெல்லிய எழுத்துக்கு எப்போதும் ஒரே மை. மெரூனோ அடர்பச்சையோ வேண்டுமென்றால் அதைத் தனி மையாகக் கலந்து அடிக்கச் சொல்லுங்கள்.

பத்திரிகையின் மூலைகளில் மஞ்சள் தடவுவது நம் வழக்கம். ஈர மஞ்சள் பட்ட இடத்தில் மெல்லிய எழுத்து மங்கும் என்பதால் மூலையிலிருந்து 15 மி.மீ. தொலைவுக்குள் எழுத்து எதையும் வைக்காதிருப்பது நல்லது.

ஆறாம் படி: பெயர்ப்பலகை

தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் ஆங்கிலம் அடுத்தும் பிற மொழி அதற்குப் பின்னும் 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்பது விதி. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளுக்காக வங்காள மொழியோ இந்தியோ பலகைகளில் இடம்பெறுவதால், அங்கே மூன்று எழுத்து முறைகள் ஒரே பலகையில் நிற்கின்றன. அலங்கார செரிஃபில் அமையப்போகும் ஆங்கிலத்துக்குக் கிடைப்பது நடுப்பங்கு மட்டுமே என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

தமிழ் 50 செ.மீ. உயரமும் ஆங்கிலத் தலைப்பெழுத்து 30 செ.மீ. உயரமும் என்று கொள்வோம். தலைப்பெழுத்தின் உயரம் எழுத்தளவில் 70 விழுக்காடு என்றால் முழு எழுத்தளவு ஏறத்தாழ 43 செ.மீ.; 2 விழுக்காடு இழை 8.6 மி.மீ. வரும். நல்ல பார்வையுள்ள கண்ணுக்கு 1 மி.மீ. கோடு ஏறத்தாழ 3.4 மீட்டர் தொலைவு வரையில் புலப்படும் என்ற கணக்கின்படி, இந்த இழை 29 மீட்டருக்கு அப்பால் கரைந்துபோகும். பகல் வெயிலின் கூச்சத்தையும், ஓடும் பேருந்திலிருந்து படிப்பவரையும், வயதானவரின் பார்வையையும் சேர்த்து எண்ணினால் அதில் பாதியை, அதாவது 15 மீட்டரை மட்டுமே நம்ப வேண்டும். ஆபீசர்ஸ் லைன் போன்ற அகன்ற சாலையில் எதிர்ப்பக்கத்தில் தள்ளி நிற்பவருக்கு அது போதாது. லாங் பஜாரின் நெருக்கமான கடைவரிசையில் அதுவே தாராளம்.

அக்ரிலிக்கிலோ எஃகிலோ வெட்டி ஒட்டும் எழுத்தானால் இழை உடையும், வளையும். உள்ளே எல்இடி வைத்து ஒளிரும் எழுத்தானால் 8.6 மி.மீ. கோட்டுக்குள் விளக்கு மாட்ட இடமிராது. தண்டுகள் மட்டும் ஒளிர்ந்து, இரவில் பெயர் வெறும் கம்பிகளாகத் தெரியும். இத்தகைய பலகைக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் இழையுள்ள, வேறுபாடு குறைந்த உறவு எழுத்துருவைத் தேர்வது சரி. மருத்துவமனைக்குள் வழிகாட்டும் பலகை, மருந்துச் சீட்டு, பேருந்தின் ஊர்ப்பெயர் ஆகியவற்றில் இவ்வகை எழுத்துருவையே பயன்படுத்தக் கூடாது. காட்பாடியில் ரயிலிறங்கி, நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்து வருபவர் பலகையைப் பார்த்ததும் வழி தெரிய வேண்டும்.

ஏழாம் படி: திரைக்கான தனிப்பதிப்பு

இப்போது பத்திரிகையை நேரில் பெறுபவர்களைவிட வாட்ஸ்அப் படமாகப் பெறுபவர்களே அதிகம். அச்சுக்கான கோப்பை அப்படியே படமாக்கி அனுப்பினால், 40 பிக்சல் எழுத்தின் 2 விழுக்காடு இழை ஒரு பிக்சலுக்கும் குறைந்து சாம்பல் நிறமாகிவிடும். அனுப்பும்போது நிகழும் சுருக்கத்தில் மிச்சமும் போகும். 50 பிக்சலுக்குக் கீழே உள்ள எழுத்துகளுக்கெல்லாம் தடிப்பு வேறுபாடு குறைந்த வடிவத்தை வைத்து, படத்துக்கென்று தனி அமைப்பைச் செய்ய வேண்டும். பெயர்களை மட்டும் அலங்கார எழுத்தில் பெரிதாக விட்டுவிடலாம்.

எட்டாம் படி: மெய்ப்பும் ஒப்படைப்பும்

லேசர் அச்சுப்பொறியில் எடுத்த ப்ரூஃப் இழையைச் சற்றுத் தடிப்பாகக் காட்டும் வாய்ப்பு உண்டு. அதை நம்பிப் பிளேட் போடச் சொல்லாதீர்கள். அச்சாகப்போகும் அதே தாளில், அதே அளவில் ஒரு பிரதி எடுத்து, வீட்டிலுள்ள பெரியவரிடம் கண்ணாடியில்லாமல் படிக்கச் சொல்லிக் கேட்பது எந்தக் கருவியைவிடவும் பயனுள்ள சோதனை. அவர் தடுக்கிய சொல்லைக் குறித்துக்கொண்டு அங்கே எழுத்தளவைக் கூட்டுங்கள்.

எழுத்துருவின் உரிமத்தையும் இந்த நிலையிலேயே பார்த்துவிட வேண்டும். போடோனி என்ற வடிவம் பழையது என்றாலும் அதன் கணினி வரைவுகள் பல விலைக்குரியவை. போடோனி மோடா, பிளேஃபேர் டிஸ்ப்ளே போன்றவை திறந்த உரிமத்தில் வணிகப் பயன்பாட்டுக்கும் கிடைக்கின்றன.

பிரஸ்ஸில் இன்னும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு முறையான பாமினியும் புழங்கினால், யூனிகோடில் அமைத்த தமிழ் அங்கே கொம்பும் காலும் இடம்மாறித் திறக்கும். எனவே எழுத்துகளை வளைகோடாக மாற்றிய பி.டி.எஃப். கோப்பைக் கொடுத்து, தேதியோ மண்டபமோ மாறினால் திருத்துவதற்காக மாற்றாத மூலக் கோப்பை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நிறப் பின்னணியின்மேல் கருப்பு இழை வருமானால், கருப்பு மை பின்னணியின்மேலேயே அடிபடும்படி ஓவர்பிரிண்ட் அமைப்பைக் கோப்பில் இட்டு, அதை வேலைச்சீட்டிலும் எழுதிக் கொடுங்கள். இல்லையெனில் பின்னணி இழையின் வடிவில் வெட்டப்பட்டு, பிளேட் சிறிது விலகியதும் ஒவ்வொரு கோட்டின் அருகிலும் தாளின் வெள்ளை தெரியும்.